பழுது நீக்கும் உரிமையும் மின்வாகனப் பயணமும்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி மேற்கே செல்வோர், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துத் தாமல் என்னும் ஊரைக் கடப்பார்கள். வராகீஸ்வரர் கோயிலும், தாமோதரப் பெருமாள் கோயிலும், மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றான தாமல் ஏரியும் இவ்வூரின் அடையாளங்கள். நெடுஞ்சாலையோரம் அரை மணி நேரம் நின்றால் இன்னொன்றும் தெரியும். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தயாரான புதிய கார்களைச் சுமந்த நீண்ட லாரிகள் மேற்கு நோக்கிச் செல்கின்றன. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தயாரான மின் ஸ்கூட்டர்களை ஏற்றிய லாரிகள் எதிர்த்திசையில் சென்னை நோக்கி வருகின்றன. இந்திய வாகனத் தொழிலின் நேற்றும் நாளையும் எதிரெதிரே கடந்து செல்லும் இடம் இது.

அதே சாலையோரத்தில், தகரக் கூரையின் கீழ் இருசக்கர வாகன மெக்கானிக் கடைகள் இருக்கின்றன. கிளட்ச் பிளேட் மாற்றுவது, கார்புரேட்டர் சுத்தம் செய்வது, செயின் ஸ்ப்ராக்கெட் பொருத்துவது எனப் பெட்ரோல் வண்டிகளின் எல்லா நோய்களுக்கும் அங்கே மருந்துண்டு. பச்சை எண் பலகை கொண்ட மின் ஸ்கூட்டர் ஒன்று அங்கே தள்ளிக்கொண்டு வரப்பட்டால், பஞ்சர் ஒட்டுவதும் பிரேக் சரிசெய்வதும் தவிர அந்த மெக்கானிக்கால் செய்யக்கூடியது அதிகமில்லை. ‘கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்’ என்பதே பதில். கம்பெனி சர்வீஸ் காஞ்சிபுரத்திலோ வேலூரிலோ இருக்கும். சில நிறுவனங்களுக்கு அங்கும் இருக்காது.

மின்வாகனம் நல்லதா, கெட்டதா என்ற விவாதம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. பழுதடைந்த மின்வாகனத்தை யார் சரிசெய்வார், எங்கே, என்ன செலவில் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் உரிய விடை கிடைக்கவில்லை. சிற்றூர்களுக்கும் எளிய குடும்பங்களுக்கும் இந்த மாற்றம் போய்ச்சேருமா என்பதை அந்த விடையே தீர்மானிக்கும்.

தமிழ்நாட்டின் நெடும் பயணம்: இக்கேள்வியைத் தமிழ்நாடு எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிப் பின்னர் லேலண்டாக வளர்ந்த நிறுவனம், 1955இல் சென்னையில் உருவான என்ஃபீல்டு, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியிட்ட ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கிய ரெனோ–நிசான் எனத் தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் பெரும்பகுதி வாகனங்களின் வரலாறே. அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் ஓசூரிலும் உள்ள ஆயிரக்கணக்கான சிறு, குறு ஆலைகள் இவற்றைச் சார்ந்தே வளர்ந்தன.

மின்வாகனக் காலத்திலும் மாநிலம் பின்தங்கவில்லை. 2019 செப்டம்பரில் மின்வாகனக் கொள்கையை வெளியிட்ட தமிழ்நாடு, 2023 பிப்ரவரியில் அதைத் திருத்தி மேம்படுத்தியது. ஏதர், ஓலா, டி.வி.எஸ். ஆகியவற்றின் மின் ஸ்கூட்டர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்திலேயே உருவாகின்றன. ஹூண்டாயின் மின் கிரெட்டா 2025 ஜனவரியில் இங்கிருந்தே சந்தைக்கு வந்தது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடி ஆலையைத் திறந்தது. தாமலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ராணிப்பேட்டை மாவட்டப் பனப்பாக்கத்தில், டாடா மோட்டார்ஸ் ₹9,000 கோடி முதலீட்டில் அமைக்கும் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. தாமல் வட்டாரத்து இளைஞர்கள் வேலை தேடிச் செல்லும் ஆலைகளிலேயே இனி மின்வாகனங்களும் தயாராகும்.

ஆக, உற்பத்தியில் நாம் முன்னணியில் இருக்கிறோம். விற்ற பிறகு அந்த வாகனம் வாழப்போகும் பத்து, பதினைந்து ஆண்டுகளைப் பற்றிய சிந்தனையே குறைவாக இருக்கிறது.

மறுக்க முடியாத நன்மைகள்: இதை எழுதுபவன் மின்வாகன எதிர்ப்பாளன் அல்லன். கார்களின் மீது காதல் கொண்டு வளர்ந்தவன். எஞ்சினின் ஓசையைக் கொண்டே அதன் நோயை ஊகிக்க முயன்ற தலைமுறையைச் சேர்ந்தவன். அந்த ஓசையை இழப்பதில் வருத்தமுண்டு. ஆயினும், மின் காரை முதன்முறை ஓட்டியபோது கிடைத்த அனுபவம் அந்த வருத்தத்தைப் பெருமளவு ஆற்றிவிட்டது. மிதித்த கணத்திலேயே முழு விசையும் கிடைப்பதும், கியர் மாற்றத் தேவையில்லாததும், நெரிசலில் நிற்கும்போது நிலவும் அமைதியும் எந்தப் பெட்ரோல் எஞ்சினாலும் தர இயலாதவை.

கணக்கும் மின்வாகனத்தின் பக்கமே நிற்கிறது. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, லிட்டர் ₹100 என வைத்துக்கொண்டால், ஒரு கி.மீ. செலவு ₹2. மின் ஸ்கூட்டர் 100 கி.மீ. ஓட ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் போதும். யூனிட் ₹8 என்றே வைத்தாலும் ஒரு கி.மீ.க்கு 25 காசுக்குள் அடங்கும். தாமலில் இருந்து காஞ்சிபுரத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் நாளொன்றுக்கு 40 கி.மீ. செல்பவர், ஆண்டில் 300 நாள் வண்டியை எடுத்தால், ஏறக்குறைய ₹21,000 மிச்சப்படுத்துவார். நெசவுக் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று.

காருக்கும் இவ்வாறே கணக்கிடலாம். வேறுபாடு மின்னேற்றும் இடத்தில் இருக்கிறது. வீட்டில் மின்னேற்றினால் செலவு பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. நெடுஞ்சாலையில் உள்ள அதிவிரைவு நிலையங்களில் யூனிட் ₹20ஐத் தாண்டும்போது மிச்சம் பாதியாகச் சுருங்குகிறது. வீட்டு இணைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. மாதம் ஆயிரம் கி.மீ. ஓடும் மின் கார், இரு மாதத்தில் ஏறக்குறைய 300 யூனிட்டைக் கூடுதலாக எடுக்கும். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் கட்டண அட்டவணையே மாறி, அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் கூடுதலாகச் செலுத்த நேரிடும். வாகனம் வாங்குமுன் இதைக் கணக்கிடுவோர் சிலரே.

எனினும், மொத்தத்தில் ஓட்டும் செலவு குறைவுதான். நூற்றுக்கணக்கான நகரும் பாகங்கள் கொண்ட எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் மாற்றாக விரல்விட்டு எண்ணத்தக்க பாகங்களே இருப்பதால் அன்றாடப் பராமரிப்பும் குறைவு. பேட்டரியின் விலையும் வீழ்ந்துவருகிறது. 2010இல் ஒரு கிலோவாட்–மணி திறனுக்கு ஆயிரம் டாலருக்கும் மேலிருந்த உலகச் சராசரி விலை, புளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் கணக்கின்படி 2024இல் 115 டாலராகக் குறைந்தது. நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின் கார்களே. திசை தெளிவாக இருக்கிறது.

சில்லறையாக வரும் சேமிப்பு, மொத்தமாக வரும் செலவு: இத்தனை நன்மைகளையும் ஒரே நாளில் பயனற்றதாக்கும் ஒரு நிகழ்வை அருகிலிருந்து பார்த்தேன். நண்பர் ஒருவர், நெய்த சேலைகளைக் காஞ்சிபுரத்தில் ஒப்படைத்துத் திரும்புவதற்காக மின் ஸ்கூட்டர் வாங்கினார். விலை ₹1.15 லட்சம், பேட்டரிக்கு மூன்றாண்டு உத்தரவாதம். உத்தரவாதம் முடிந்து சில மாதங்களில், திரையில் 40 சதவீதம் மின்சாரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நடுவழியில் நிற்கத் தொடங்கியது. சேவை மையத்தில் கணினியை இணைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரியை முழுவதுமாக மாற்ற வேண்டும், ₹58,000 ஆகும் என்றனர். எந்தப் பகுதி பழுது, அதை மட்டும் மாற்ற இயலாதா என்று கேட்டதற்கு, பேட்டரியைத் திறக்கும் வசதி தங்களிடம் இல்லை என்றனர். அறிக்கையின் நகலும் தரப்படவில்லை.

ஏட்டுக் கணக்குப்படி நண்பருக்கு நஷ்டமில்லை. மூன்றாண்டுகளில் பெட்ரோல் செலவில் ₹60,000க்கு மேல் மிச்சப்படுத்தியிருந்தார். ஆனால், அந்த மிச்சம் நாளுக்கு ஐம்பதும் எழுபதுமாக வந்து, வீட்டுச் செலவிலும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திலும் கரைந்துபோயிருந்தது. ₹58,000 செலவோ ஒரே நாளில் மொத்தமாக வந்தது. வாகனக் கடன் கொடுக்க முன்வரும் நிறுவனங்கள் பேட்டரி மாற்றுவதற்குக் கடன் தர எளிதில் முன்வருவதில்லை. இறுதியில் ஸ்கூட்டரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பழைய பெட்ரோல் பைக் ஒன்றை வாங்கினார். அதைப் பழுது பார்க்க வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கடை இருக்கிறது; இன்று ₹300, அடுத்த மாதம் ₹500 என்று செலவைப் பிரித்துக்கொள்ள முடிகிறது; கையில் பணமில்லாவிட்டால் பிறகு கொடுக்கலாம் என்ற அறிமுகமும் இருக்கிறது.

மாதச் சம்பளக்காரரின் கணக்கும் நாள் வருமானக்காரரின் கணக்கும் வெவ்வேறு. மின்வாகன விளம்பரங்களும் அரசின் மானியத் திட்டங்களும் முதலாமவரை மனத்தில் கொண்டே எழுதப்படுகின்றன.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது? பேட்டரி என்று நாம் சொல்வது ஒற்றைப் பொருளன்று. நூற்றுக்கணக்கான சிறு மின்கலங்களைக் குழுக்களாக இணைத்து, அவற்றின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் மின்னணுப் பலகையுடன் ஒரே பெட்டியில் அடைத்த தொகுப்பு அது. சங்கிலியின் வலிமை அதன் பலவீனமான கண்ணியைப் பொறுத்தது போல, ஒரு குழு வலுவிழந்தாலே முழுத் தொகுப்பும் செயலிழந்ததாகத் தோன்றும். சில நேரங்களில் மின்கலங்கள் நன்றாக இருக்க, கண்காணிப்புப் பலகையோ ஓர் இணைப்போ மட்டும் பழுதாகியிருக்கும். வயிற்று வலிக்கு வயிற்றையே மாற்றச் சொல்வதுபோல், எல்லாவற்றுக்கும் முழுத் தொகுப்பையும் மாற்றச் சொல்வது வழக்கமாகிவருகிறது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. வெப்பம் பரவவும் தண்ணீர் புகாமலிருக்கவும் மின்கலங்களைப் பசையால் ஒட்டி மூடுகின்றனர். அது பாதுகாப்பு தரும். பிரித்துப் பழுது நீக்குவதைக் கடினமாக்கும். வணிகக் காரணங்களும் உண்டு. கண்காணிப்புப் பலகையின் மென்பொருளை நிறுவனத்தின் கணினியைத் தவிர வேறெதுவும் படிக்க இயலாது. வெளியே ஒருவர் மின்கலத்தை மாற்றினாலும், நிறுவனத்தின் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாதவரை வண்டி நகராது.

நம் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்கலத்தின் முதுமையை விரைவுபடுத்துவதில் வெப்பத்துக்கு முதன்மைப் பங்குண்டு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் வடதமிழகத்தில், நிழலில்லாத இடத்தில் நாள் முழுவதும் நிற்கும் ஸ்கூட்டரின் பேட்டரி, மிதமான வெப்பநிலையில் இயங்குவதைப் போல் நீடிக்காது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலங்கள் பரவலாகி வருவது நல்ல மாற்றம். தான் வாங்கும் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே. வண்டி எத்தனை நொடியில் 40 கி.மீ. வேகம் எட்டும் என்பது அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் கைக்குச் செல்லாத வாகனம்: இந்தியாவில் புதிய வாகனம் வாங்குவோர் சிறுபான்மையினர். நகரத்தில் ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய கார், சிறுநகரத்துக்கு வந்து, பின்னர் சிற்றூரில் தன் முதுமையைக் கழிப்பதே நம் வழக்கம். எளிய குடும்பங்களின் முதல் கார் பெரும்பாலும் இன்னொருவரின் பழைய கார்தான். அதை வாங்குமுன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வோம். எஞ்சினின் ஓசை, புகையின் நிறம், எண்ணெய்யின் கெட்டித்தன்மை ஆகியவற்றைப் பார்த்து அவர் ‘வாங்கலாம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்வார்.

பழைய மின் காரின் முன் அவர் என்ன செய்வார்? பேட்டரியின் உடல்நிலை, நிறுவனத்தின் கணினிக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். ஓடோமீட்டரில் 40,000 கி.மீ. காட்டும் இரு கார்களில் ஒன்று வீட்டில் மெதுவாக மின்னேற்றப்பட்டதாக இருக்கலாம். மற்றொன்று வாடகைக்கு ஓடி, நாள்தோறும் அதிவிரைவு நிலையங்களில் மின்னேற்றப்பட்டதாக இருக்கலாம். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. வாங்குபவர் அஞ்சுகிறார்; மறுவிற்பனை விலை சரிகிறது; அந்தச் சரிவைக் கண்டு புதிதாக வாங்குவோரும் தயங்குகின்றனர். எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. என்று பல கார்களுக்குத் தரப்படும் பேட்டரி உத்தரவாதம், முதல் உரிமையாளருக்கு ஆறுதல் தரும். ஒன்பதாம் ஆண்டில் சிற்றூரில் வாங்கப்போகும் மூன்றாம் உரிமையாளருக்கு அதனால் பயனில்லை.

நிறுவனமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021இல் அறிவித்தபோது, உதிரிபாகங்களும் பராமரிப்பும் தொடரும் என்று உறுதியளித்தது. அதைவிட, வெளிப் பட்டறைகளின் மெக்கானிக்குகளுக்கு அந்தக் கார்களின் எஞ்சின்கள் அத்துப்படியாக இருந்தன என்பதே உரிமையாளர்களுக்குப் பெரிய பலம். அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்ற மின் கார் நிறுவனம் 2024 ஜூனில் திவாலானபோது நிலைமை வேறாக இருந்தது. மென்பொருள் மேம்பாட்டுக்கும் உதிரிபாகங்களுக்கும் யாரை நாடுவது என்று தெரியாத உரிமையாளர்கள், தாங்களே சங்கம் அமைத்துத் தங்கள் கார்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பல புதிய நிறுவனங்கள் களமிறங்கியுள்ள நம் மின் ஸ்கூட்டர் சந்தையில் அனைத்தும் பத்தாண்டுகள் நிலைத்திருக்கும் என்று எவராலும் உறுதியளிக்க இயலாது.

பாதுகாப்பு என்னும் எதிர்வாதம்: நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயமுண்டு. மின் காரின் பேட்டரியில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் இருக்கும். பயிற்சியற்ற கை தொட்டால் உயிர் போகும். ஸ்கூட்டரின் மின்னழுத்தம் குறைவென்றாலும், தவறாக இணைக்கப்பட்ட மின்கலம் தீப்பற்றும். 2022 மார்ச்சில் வேலூர் அருகே, வீட்டில் மின்னேற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி எழுந்த புகையில் தந்தையும் மகளும் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த தீ விபத்துகளுக்குப் பிறகே, பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பர் முதலும் 2023 மார்ச் முதலும் இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. அவ்வாறிருக்க, சாலையோரப் பட்டறையில் பேட்டரியைத் திறக்கச் சொல்வது பொறுப்பான யோசனையா என்று கேட்கலாம்.

கேள்வி சரியானது. அதிலிருந்து பெறப்படும் முடிவே தவறானது. மின்சாரம் ஆபத்தானது என்பதற்காக வீட்டுக்குள் ஒரு விளக்கு மாற்றவும் மின்வாரியத்தின் ஊழியரையே அழைக்க வேண்டும் என்று நாம் விதிக்கவில்லை. எலெக்ட்ரீஷியனுக்குப் பயிற்சியும் உரிமமும் அளித்தோம். சமையல் எரிவாயு வந்தபோதும் பாதுகாப்பைக் கற்றுக்கொண்டோம். இங்கும் வேண்டியது தடையன்று. பயிற்சியும் தரமும் பொறுப்புமே. தகவலை மூடிவைப்பதால் ஆபத்து குறைவதுமில்லை. ₹58,000 கொடுக்க இயலாதவர், வழிகாட்டி ஏதுமின்றிப் பேட்டரியைத் திறந்துபார்க்கும் ஒருவரிடம் செல்வார். மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் அரைகுறை வேலைதான் பேராபத்து.

மேலும், பாதுகாப்பைக் காரணம் காட்டி வெளிப் பட்டறைகளை ஒதுக்குவது மின்வாகனத்தோடு தொடங்கிய பழக்கமன்று. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் கட்டுப்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ₹2,544 கோடி அபராதம் விதித்தது. அந்நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. பெட்ரோல் காரில் அரைகுறையாகச் சாத்தப்பட்டிருந்த கதவு, மின்வாகனத்தில் மென்பொருள் பூட்டுடன் முழுவதுமாகச் சாத்தப்படுகிறது.

உலகம் எங்கே செல்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கவனத்துக்குரியது. 2027 பிப்ரவரி முதல் அங்கு விற்கப்படும் மின் வாகனங்களின் பேட்டரிக்கு ‘கடவுச்சீட்டு’ கட்டாயம். அதில் பேட்டரியின் பிறப்பு, வேதியியல், உடல்நிலை ஆகிய விவரங்கள் இருக்கும். மின் ஸ்கூட்டர், மின் மிதிவண்டி போன்ற இலகு வாகனங்களின் பேட்டரியையும் அதனுள் உள்ள தனித்தனி மின்கலங்களையும் வெளியிலுள்ள தொழில்நுட்பர் கழற்றி மாற்றும் வகையில் வடிவமைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வாகனப் பழுது நீக்கும் உரிமையை 2012இலேயே சட்டமாக்கியது. கலிபோர்னியாவின் விதிகள், 2026 மாதிரி ஆண்டு முதல், பேட்டரியின் உடல்நிலையை ஓட்டுநரே காரின் திரையில் பார்க்க வழிசெய்யுமாறு கோருகின்றன.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது நீக்கும் உரிமைக்கான குழுவை 2022 ஜூலையில் அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் வரம்பில் இடம்பெற்றன. அவ்வாண்டு டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கப்பட்டது. ஆனால், நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏதும் வரவில்லை. 2022 ஆகஸ்டில் வெளியான பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், ஆயுள் முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளருக்கு அளிக்கின்றன. பேட்டரி இறந்த பின் நடக்க வேண்டிய சடங்குக்கு விதி இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது மருத்துவம் பார்ப்பதற்கு விதியில்லை.

தறி கற்றுத்தரும் பாடம்: புதிய தொழில்நுட்பம் ஓர் ஊரில் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதற்குக் காஞ்சிபுரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஜக்கார்டு பெட்டி இங்கு பிறந்ததன்று, பிரான்சில் உருவானது. குழித்தறியின் மேல் அது வந்து அமர்ந்தபோது, அதனுடன் அதைப் பழுது பார்க்கும் அறிவும் ஊருக்குள் வந்தது. கொக்கிகளையும் நூல்களையும் சரிசெய்யத் தெரிந்தவர்கள் தெருவிலேயே உருவானார்கள். வடிவமைப்பை வரைபவரும் அதற்கேற்ப அட்டையில் துளையிடுபவரும் தனித் தொழிலாளர்களாக வளர்ந்தனர். தறி நின்றால் நெசவாளர் வெளியூருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. அயலிலிருந்து வந்த எந்திரம் காஞ்சிபுரத்தின் சொந்த எந்திரமானது அப்படித்தான். பழுது நீக்கும் அறிவைத் தர மறுத்திருந்தால், அது வசதி படைத்த சிலரின் கூடத்தோடு நின்றிருக்கும்.

அரசு செய்ய வேண்டியவை: மின்வாகன உற்பத்தியில் முன்னணியில் இருக்கும் தமிழ்நாடு, பழுது நீக்கும் உரிமையிலும் வழிகாட்ட முடியும். வாகனத் தரவிதிகள் மத்திய அரசின் கையில் இருந்தாலும், மானியமும் வரிச்சலுகையும் நிலமும் தருவது மாநில அரசு. அச்சலுகைகளுக்கு நிபந்தனைகள் விதிக்கும் உரிமையும் அதற்கு உண்டு.

முதலாவது, பழுதறியும் மென்பொருளையும் பராமரிப்புக் கையேட்டையும் நியாயமான கட்டணத்தில் வெளிப் பட்டறைகளுக்குத் தரும் நிறுவனங்களுக்கே சலுகைகள் என்று விதிக்கலாம். இரண்டாவது, மின்வாகனத்தின் உரிமை கைமாறும்போது பேட்டரியின் உடல்நிலைச் சான்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிப்பதைக் கட்டாயமாக்க மத்திய அரசை வலியுறுத்தலாம். புகைச் சான்று கேட்கும் அலுவலகத்துக்கு இது புதிய சுமையாகாது. மூன்றாவது, ஒரு மாதிரியின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது பத்தாண்டுகளுக்கு மின்கலங்களும் கண்காணிப்புப் பலகையும் கிடைக்க வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் மென்பொருளின் திறவுகோலைப் பொது அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.

நான்காவதும் முதன்மையானதும் பயிற்சி. தமிழ்நாடு அரசு 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ₹2,877 கோடியில் தரம் உயர்த்தும் திட்டத்தை 2023இல் தொடங்கியது. மின்வாகன மெக்கானிக் என்ற பாடப்பிரிவும் இப்போது உண்டு. பள்ளி முடித்த இளைஞருக்கு அது சரியான வழி. இருபது ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் நாற்பத்தைந்து வயது மெக்கானிக் கடையை மூடிவிட்டு ஈராண்டுப் படிப்புக்குச் செல்ல இயலாது. அவருக்கு ஏற்ற மாலை நேர, வார இறுதிக் குறுகிய காலப் பயிற்சியும், குறைந்த மின்னழுத்தம் கொண்ட இருசக்கர வாகனங்களைத் திறந்து பழுது பார்க்கும் உரிமமும், பாதுகாப்புக் கருவிகள் வாங்கச் சிறு கடனும் தேவை. ஆலைகளை ஈர்ப்பதற்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிகச் சிறியது.

வாகனம் வாங்குவோருக்கும் பொறுப்புண்டு. எத்தனை கி.மீ. ஓடும், எவ்வளவு பெரிய திரை, என்ன நிறம் என்று கேட்பதோடு, பேட்டரியைப் பகுதியாக மாற்ற இயலுமா, அதன் இன்றைய விலை என்ன, பழுதறிக்கை எனக்குத் தரப்படுமா என்ற மூன்று கேள்விகளையும் விற்பனையகத்தில் கேட்க வேண்டும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால்தான் விற்போர் பதிலைத் தயார்செய்வார்கள்.

தாமல் சாலையோரத்தில் பெட்ரோல் வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கின் மகன், சில கி.மீ. தொலைவில் உள்ள ஆலையில் மின் காரைப் பொருத்தும் பணிக்குச் செல்லும் நாள் நெருங்கிவிட்டது. மகன் பொருத்திய வண்டி பழுதாகித் தந்தையின் கடைக்கு வரும்போது, அதைத் திறந்து பார்க்க அவருக்கு உரிமையும் பயிற்சியும் இருக்க வேண்டும். அடுத்த மின்வாகனக் கொள்கையை எழுதும் அதிகாரிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.